எண்ணெய் தரும் ஈஸ்ட்டும் புன்செய்க் குடியானவரும்

புன்செய் மிகுந்த தர்மபுரி ஜில்லாவில், மழை குறைந்தாலும் பலன் தரும் எண்ணெய்ப் பயிர் என்று எவர் சொன்னாலும் குடியானவர்கள் செவி சாய்ப்பது இயல்பே. 2003-ம் வருஷத்தில் மத்திய திட்டக் கமிஷன் நியமித்த குழு, டீசலுக்கு ஈடான எரிபொருளுக்காகக் காட்டாமணக்கைப் பயிரிடும்படி சிபார்சு செய்தது. தமிழ்நாட்டில் அதை நம்பி நட்டவர்களில் பலர், மானாவாரியில் காய்ப்புக் குறைந்து நஷ்டமடைந்து, செடிகளைப் பிடுங்கி எறிந்தனர். அவ்வெரிபொருளின் கழிவிலிருந்தும் எண்ணெய் எடுக்கலாம் என்று ஆராய்ச்சிகள் இப்போது காட்டுகின்றன. இதனால் குடியானவருக்கு என்ன லாபம் என்பதை ஆராய்தல் நலம்.

விதை எண்ணெயை மெதனாலும் காரமும் சேர்த்து எரிபொருளாக மாற்றுகையில், 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் அடியில் தங்குகிறது. மெதனாலும் சோப்பும் கலந்த இதனைச் சுத்தி செய்யச் செலவு அதிகம். கள்ளைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட் வகுப்பைச் சேர்ந்த சில நுண்ணுயிர்கள் இக்கிளிசரினை உண்டு, தம் உடலில் எண்ணெயைச் சேர்த்து வைக்கின்றன. தழைச்சத்து மிகுந்தால் கரும்பில் சர்க்கரை குறைவதைப் பட்டாதாரர்கள் அறிவர். இவ்வீஸ்ட்டின் தன்மையும் அத்தகையதே. தழைச்சத்தைக் குறைத்துக் கிளிசரினைத் தாராளமாய்க் கொடுத்தால், அது பெருகுவது நின்று எண்ணெய் ஏறுகிறது. உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் ஏறுவதும் உண்டு. ஆகவே செய்தி பொய்யன்று.

ஆயினும் கணக்குப் பார்த்தல் அவசியம். 5 கிலோ கிளிசரினுக்கு 1 கிலோ எண்ணெய் கிடைத்தால் அது நல்ல பலனே. அவ்வாறாயின் 100 கிலோ விதை எண்ணெய்க்கு மேற்கொண்டு கிடைப்பது 2 கிலோதான். அதற்கும் வேற்றுக் கிருமி புகாத தொட்டியும், இடைவிடாது காற்றூட்டும் யந்திரமும், ஈஸ்ட்டை உடைத்து எண்ணெயைப் பிரிக்கும் சாதனமும் வேண்டும். இது ஆலைக்குரிய தொழில்; களத்து மேட்டில் நடத்தத் தக்கதன்று. கழிவை ஓடையிலும் ஏரியிலும் விடாமல் ஆலைகள் இவ்வழியில் பயன்படுத்துமாயின் வரவேற்கத் தக்கதே. ஆனால் விதைக்கு நல்ல விலை தருவதற்கு இந்த 2 கிலோ போதாது.

ஆகையால் ஈஸ்ட்டின் பெயரைக் கேட்டு, ராகியும் நிலக்கடலையும் விளையும் நிலத்தில் ஓர் ஏக்கரையேனும் மாற்றலாகாது. செடி நடச் சொல்லி வருவோரிடம், கொள்முதல் விலையையும் காலத்தையும் குறித்த ஒப்பந்தத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது குடியானவர் பொறுப்பாகும். அவ்வொப்பந்தத்தைப் படித்து ஊராருக்கு விளக்குவது கிராம அதிகாரிகள் செய்யத்தக்க பேருதவி. ஆழமறியாமல் காலை விடலாகாது என்ற முதியோர் வாக்கு, காட்டாமணக்கை நட்டு நஷ்டப்பட்டவர்களுக்கு இன்று நன்கு விளங்கும்.