அண்டை வீட்டாரின் பெயர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த விநாடி வினாப் போட்டியில் ஒரு கேள்வி: "1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்ற நாடு எது?" முதலில் கை தூக்கியவள் நான். "ஜப்பான்" என்றேன். இரண்டு மதிப்பெண்கள் கிடைத்தன, கைதட்டலும் கிடைத்தது. வீட்டிற்குச் சென்று அப்பாவிடம் பெருமையடித்துக் கொண்டேன். சில நாட்கள் கழித்து நூலகத்தில் விளையாட்டு வரலாறு ஒன்றைப் புரட்டியபோதுதான், நான் சொன்ன விடை சரியாகவும் இருக்கிறது, பொய்யாகவும் இருக்கிறது என்பது தெரிந்தது.

ஓடியவர் பெயர் சோன் கி-ஜோங். அவர் கொரியர். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தமையால், ஜப்பானியக் கொடி பொறித்த சட்டையை அணிந்து, தம் பெயரையே ஜப்பானிய முறையில் 'சோன் கிடெய்' என மாற்றிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்கும் கொரியரே. ஜப்பானிய நாட்டுப் பண் இசைக்கப்படும்போது பரிசு மேடையில் இருவரும் தலைகுனிந்து நிற்கும் புகைப்படத்தைப் பார்த்தால், வென்றவர்கள் இவர்கள் என்று யாருமே சொல்லமாட்டார்கள். சோன் தமக்குப் பரிசாகக் கிடைத்த சிறு மரக்கன்றினால் மார்பிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டு நிற்கிறார். கொரியாவின் 'டோங்-ஆ இல்போ' என்னும் நாளிதழ் அக்கொடியை அழித்துவிட்டுப் படத்தை அச்சிட்டது; அதற்காக மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. கையெழுத்துக் கேட்டவர்களுக்குச் சோன் தம் பெயரைக் கொரிய எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாராம். ஒலிம்பிக் பதிவேட்டிலோ அப்பதக்கம் இன்றளவும் ஜப்பானின் கணக்கில்தான் இருக்கிறது.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் அண்ணன் சிரித்தான். "அது தாத்தா காலத்துக் கதை. இப்போது ஜப்பானியப் பெண்கள் கொரியப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். கொரியர்கள் விடுமுறை விட்டால் ஜப்பானுக்குத்தான் ஓடுகிறார்கள். உனக்கு ஏன் இந்தக் கவலை?" என்றான். அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 88 லட்சம் கொரியர்கள் ஜப்பானுக்குச் சென்று வந்தனர். ஜப்பானியர் 32 லட்சம் பேர் கொரியாவுக்குச் சென்றனர். ஆயினும் அவன் சொன்னதை என்னால் முழுவதும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அடுத்த வீட்டார் நம் வீட்டுப் பலகாரத்தை விரும்பித் தின்பதனால் மட்டும் நம்மை மதிக்கிறார் என்று ஆகிவிடுமா? நம்மை நம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, அந்தப் பெயரைச் சொல்ல நமக்கு அச்சமில்லையா என்பதல்லவா அளவுகோல்?

ஏன் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தோழியர் கேட்கலாம். கொரியருக்குக் குடும்பப் பெயர் உயிர் போன்றது. திருமணமான பின்னும் கொரியப் பெண் தன் தந்தையின் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. (ஜப்பானில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் பெண்தான் மாற்றிக்கொள்கிறாள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!) அப்படிப்பட்ட மக்களிடம் 1940-ஆம் ஆண்டு, ஜப்பானிய முறையில் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு சொன்னது. விருப்பமுள்ளோர் செய்யலாம் என்பது ஏட்டில். செய்யாதவருக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் தொல்லை என்பது நடைமுறை. ஆறே மாதத்தில் பத்துக்கு எட்டுக் குடும்பங்கள் பெயரைப் பதிந்துவிட்டன. யுன் டோங்-ஜு என்னும் இளங்கவிஞர் ஜப்பானில் படிக்கச் செல்வதற்காக 'ஹிரானுமா' என்று பெயர் மாற்றிப் பதிய நேர்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் தம்மையே நினைத்து நாணி ஒரு கவிதை எழுதினார். கொரிய மொழியில் எழுதிய அக்கவிஞர், விடுதலை இயக்கத்தில் பங்குகொண்டார் என்ற குற்றச்சாட்டில் சிறைப்பட்டு, 1945 பிப்ரவரி 16 அன்று ஃபுகுவோகாச் சிறையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 27. இன்னும் ஆறு மாதம் உயிரோடு இருந்திருந்தால் விடுதலையைக் கண்டிருப்பார்.

போர் முடிந்தது, கொரியா விடுதலை பெற்றது, பெயர்களும் திரும்பி வந்தன. ஆனால் பிழைப்புக்காகவும் கட்டாயத்தின் பேரிலும் ஜப்பானுக்குச் சென்று, அங்கேயே தங்கிவிட்ட கொரியர் சுமார் ஆறு லட்சம் பேர் இருந்தனர். 1952-இல் அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை ஒரே நாளில் போயிற்று. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஜப்பானில் பிறந்து, ஜப்பானியப் பள்ளியில் படித்து, ஜப்பானிய மொழியிலேயே கனவு காண்கிறவர்கள். இவர்களில் மிகப் பலருக்கு இரண்டு பெயர்கள்: வீட்டுக்குள் கொரியப் பெயர், வாசற்படி தாண்டினால் ஜப்பானியப் பெயர். ஆண்டாண்டு காலமாக ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த தோழி கொரியப் பெண் என்பதே தெரியாமல் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டவர்கள் ஜப்பானில் உண்டு. உள்ளத்தில் உள்ளதையெல்லாம் தோழியிடம் சொல்லிவிட்டு, பெயரை மட்டும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கொடுமை!

பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? பாக் சோங்-சோக் என்னும் இளைஞர் 1970-இல் ஹிட்டாச்சி நிறுவனத்துக்கு 'அராய்' என்னும் தம் ஜப்பானியப் பெயரில் விண்ணப்பித்துத் தேர்வில் வெற்றி பெற்றார். குடும்பப் பதிவேட்டின் நகலைக் கேட்டார்கள். "நான் கொரியன், என்னிடம் அது இல்லை" என்று சொன்னார். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் நீதிமன்றம் சென்றார். அவருக்குத் துணை நின்றவர்களில் ஜப்பானிய மாணவர்களும் இருந்தனர். 1974-இல் யோகோஹாமா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு அளித்தது. அவர் அதே நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும் வயதுவரை அங்கேயே பணியாற்றினார். வென்றவர் வேறிடம் போகாமல் அதே வாசலுக்குள் நாள்தோறும் நுழைந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விரல் ரேகையின் கதை என் வயதினருக்கு இன்னும் நெருக்கமானது. ஜப்பானில் வாழும் அயல்நாட்டவர் என்று பதியப்பட்டவர்கள் 1955 முதல் தங்கள் விரல் ரேகையை அரசுக்குப் பதிந்து கொடுக்க வேண்டியிருந்தது. அங்கேயே பிறந்த கொரியப் பிள்ளைகளுக்கும் விலக்கில்லை. முதலில் பதினான்கு வயதில், 1982-க்குப் பின் பதினாறு வயதில். எனக்கு வரும் ஆண்டு பதினாறு. அக்காலத்தில் நான் அங்கே பிறந்திருந்தால், தோழியர் எல்லாரும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, நான் மட்டும் அலுவலகத்துக்குச் சென்று குற்றவாளியைப் போல விரலில் மை தடவிக்கொண்டு வந்திருப்பேன். 1980 முதல் பலர் ரேகை வைக்க மறுத்தனர். ஜப்பானில் பணிபுரிந்த வெளிநாட்டுக் கத்தோலிக்கக் குருக்கள் சிலரும் அவர்களோடு சேர்ந்து மறுத்தனர். வழக்குகள் நடந்தன. 1993-இல், தலைமுறையாக அங்கே வாழும் கொரியருக்கு அம்முறை நீக்கப்பட்டது.

இத்தனைக்கும் இவ்விரு மக்களும் முற்றிலும் வேறானவர்களா என்றால், இல்லவே இல்லை. இரு மொழிகளிலும் நம் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில்தான் வருகிறது. 'குடும்பம்' என்பதற்கு ஜப்பானியர் 'கசோகு' என்கிறார்கள், கொரியர் 'கஜோக்' என்கிறார்கள். 'வாக்குறுதி' என்பதற்கு அங்கே 'யாகுசோகு', இங்கே 'யாக்சோக்'. (கொரியக் குழந்தை தாயை 'ஒம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைக்கிறது என்று அறிந்தபோது நான் துள்ளிக் குதித்தேன்.) இருவரும் சோறு உண்பவர்கள்; இருவரும் குச்சிகளால் உண்பவர்கள். ஆனால் ஜப்பானியர் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தித்தான் உண்ண வேண்டும். மேசையில் வைத்துக்கொண்டு குனிந்து உண்பது நாய் உண்பது போன்றது என்பர். கொரியரோ கிண்ணத்தை மேசையில் வைத்துக் கரண்டியால் உண்ண வேண்டும். கையில் தூக்குவது மரியாதைக் குறைவு என்பர். ஒரே மேசையில் இருவரும் அமர்ந்தால், 'இவருக்கு வளர்ப்புச் சரியில்லை' என்று இருவருமே மனதுக்குள் நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? இருவருக்கும் இடையிலுள்ள கடலுக்கும் இரண்டு பெயர்கள். ஜப்பானியருக்கு அது ஜப்பான் கடல், கொரியருக்குக் கிழக்குக் கடல். அதிலுள்ள சின்னஞ்சிறு பாறைத் தீவுகளுக்கும் இரண்டு பெயர்கள், தீராத வழக்கு.

மனதுக்குள் நினைப்பதோடு நின்றால் பரவாயில்லை. 1923 செப்டம்பர் 1-இல் டோக்கியோப் பகுதியில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. ஊர்க்காவல் கூட்டத்தார் வழியில் போவோரை நிறுத்தி 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்புத் தவறியவரைக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கான கொரியர் மாண்டனர். ஃபுகுடா என்னும் கிராமத்தில், வேற்று மாவட்டத்திலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானியர் ஒன்பது பேரையே, பேச்சு வேறாக இருக்கிறதென்று குழந்தைகளோடு கொன்றுவிட்டார்கள். அதே நாட்களில் சுருமி என்னும் இடத்தின் காவல் நிலையத் தலைவர் ஓகாவா ட்சுனேகிச்சி, தம்மிடம் அடைக்கலம் புகுந்த சுமார் 300 பேரை வெறிகொண்ட கூட்டத்திடம் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினார். நஞ்சு என்று கூட்டத்தார் சொன்ன நீரை அவர்கள் கண்ணெதிரே தாமே குடித்துக் காட்டினார் என்பர்.

நூறாண்டு ஆகிவிட்டது என்று அண்ணன் சொல்வான். ஆனால் 2013-இல், கொரியர் மிகுதியாக வாழும் ஒசாகாவின் சுருஹாஷியில், பள்ளி மாணவி ஒருத்தி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, கொரியர்கள் போகாவிட்டால் படுகொலை செய்வோம் என்று கத்தினாள். எங்களைவிடச் சற்றே இளையவள். பெரியவர்கள் சுற்றி நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் பெண்ணை நினைத்துக் கோபப்படுவதா இரக்கப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இத்தகைய வெறுப்புப் பேச்சுக்கு எதிராக 2016-இல் ஜப்பான் சட்டம் இயற்றியது. அதில் தண்டனை இல்லை. கவாசாகி நகரம் மட்டும் 2020 முதல் அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது.

ஜப்பானியரை மட்டும் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். கொரியரை மணந்து, போருக்குப் பின்னும் கொரியாவிலேயே தங்கிவிட்ட ஜப்பானியப் பெண்கள் பலர், தாம் இன்னார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லாமலே முதுமை அடைந்தார்கள். அவர்களில் ஆதரவற்றோருக்காக 1972-இல் கியோங்ஜு நகரில் ஓர் இல்லம் தொடங்கினார் ஒரு கொரியர். இயேசு வளர்ந்த நாசரேத்தின் பெயரையே அதற்கு வைத்தார். அண்மைக் காலத்திலும் பாருங்கள்: 'ட்வைஸ்' என்னும் கொரியப் பாடகியர் குழுவில் மூவர் ஜப்பானியப் பெண்கள். 2019-இல் ஜப்பானில் பேரரசர் மாறியபோது, முடிந்த சகாப்தத்தைப் பற்றி அவர்களில் ஒருத்தி தன் தாய்மொழியில் நாலு வரி எழுதினாள். கொரியாவில் வசைமாரி பொழிந்தார்கள். பெண்ணின் பாட்டு வேண்டும், ஆட்டம் வேண்டும், அவள் மொழி வேண்டாமா? அதே ஆண்டு இரு அரசுகளுக்கும் வாணிபத் தகராறு மூண்டபோது, ஜப்பானியத் துணியும் பீரும் கடைகளில் விலைபோகாமல் கிடந்தன. ஆள்வோர் கோபித்துக்கொண்டால் கடைக்காரனும் கோபித்துக்கொள்ள வேண்டும் போலும்.

பெரிய தலைவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1998-இல் ஜப்பானியப் பிரதமர் ஒபுச்சி கொரியக் குடியரசுத் தலைவர் கிம் டே-ஜுங்கிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். அதுவரை தடுக்கப்பட்டிருந்த ஜப்பானியத் திரைப்படங்களுக்கும் பாடல்களுக்கும் கொரியா படிப்படியாகக் கதவைத் திறந்தது. பின்னர் கொரியத் தொடரைப் பார்த்து ஜப்பானிய இல்லத்தரசிகள் மனம் பறிகொடுத்ததும், அந்நடிகர் 2004-இல் வந்திறங்கியபோது விமான நிலையம் பெண்களால் நிரம்பியதும் ஊரறிந்த செய்தி. நம் அம்மாமார் தொடர் பார்ப்பதைக் கேலி செய்கிறோமே, அந்த ஜப்பானிய அம்மாமார் பலர் அதன் பிறகு கொரிய மொழி வகுப்பில் சேர்ந்தார்கள்.

எனக்கு அப்படி மொழி கற்கச் சென்ற ஒருவரைத்தான் பிடித்திருக்கிறது. அவர் தொடர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே சென்றவர். இபராகி நோரிகோ என்னும் ஜப்பானியக் கவிஞர், கணவரை இழந்த பின், ஐம்பது வயதில் கொரிய எழுத்துக்களை அரிச்சுவடியிலிருந்து கற்றார். ஃபுகுவோகாச் சிறையில் மாண்ட அந்த யுன் டோங்-ஜுவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றது. 'ஹிரானுமா' அல்ல, யுன் டோங்-ஜு என்றே ஜப்பானியப் பிள்ளைகள் அவரை அறிந்தார்கள். அவர் படித்த தோஷிஷா பல்கலைக்கழகம் 2025-இல், அவர் மறைந்த அதே பிப்ரவரி 16 அன்று, அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. எண்பது ஆண்டு தாமதம்தான். ஆனாலும் சொந்தப் பெயரில்.

டோக்கியோவின் ஷின்-ஓகுபோ ரயில் நிலையத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. 2001 ஜனவரி 26 அன்று தண்டவாளத்தில் விழுந்த ஒருவரைக் காப்பாற்றக் குதித்து, அவரோடு உயிர் நீத்த இருவரின் நினைவாக வைக்கப்பட்டது. ஒருவர் கொரிய மாணவர் லீ சூ-ஹியோன். மற்றவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் செகினே ஷிரோ. விழுந்தவர் எந்நாட்டவர் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் எழுதப்பட்ட அப்பலகையைக் கடந்துதான், கொரியப் பலகாரமும் முகப்பூச்சும் வாங்க ஜப்பானியப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் செல்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்தபின், விநாடி வினாப் பொறுப்பிலிருக்கும் நம் அருட்சகோதரியிடம் சென்றேன். "சிஸ்டர், அந்த இரண்டு மதிப்பெண்களைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?" என்றேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வேண்டாம், வைத்துக்கொள். ஆனால் அடுத்த ஆண்டு இந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று நீயே எழுதிக் கொடு" என்றார். நான் அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: "1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தில் வென்றவர் பெயர் என்ன?"

சிஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, "இதற்கு எந்தப் பெயரைச் சொன்னால் மதிப்பெண் கொடுக்கலாம்?" என்று கேட்டார்.