ராணுவ உபரி லாரிகளும் டிரெய்லர்களும்

ராணுவத்தார் கழித்த லாரியொன்று ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும்போது, அதனை வாங்கி எருவும் நெல்லும் ஏற்றலாமென்று ஆசைப்படாத நிலச்சுவான்தார் அரியர். அவ்வாசையில் தவறில்லை. ஏலத்தில் கொடுக்கும் தொகையே வண்டியின் விலையென்று எண்ணுவதுதான் தவறு. அது முதல் தவணை மாத்திரமே. மிச்சத் தவணைகளைப் பட்டறையிலும் உதிரிப்பாகக் கடையிலும் கட்ட வேண்டும். அவை இரண்டா இருபதா என்பது, ஏலம் கேட்குமுன் வாங்குகிறவர் எதை விசாரித்தார் என்பதைப் பொறுத்தது.

இதற்குத் தக்க சான்று இரண்டாம் உலக யுத்தத்தின் வண்டிகளே. அந்த யுத்தத்துக்கென அமெரிக்காவில் செய்யப்பட்ட ஜீப்புகள் ஏறக்குறைய 6,40,000. ஜி.எம்.சி. கம்பெனியாரின் இரண்டரை டன் லாரிகள் 5,50,000-க்கும் மேற்பட்டவை. கனடாவில் ஃபோர்டு, செவர்லே கம்பெனியார் ஒரே மாதிரியில் செய்த ராணுவ லாரிகள் சுமார் 4,00,000. பர்மாப் போர்முனையின் பொருட்டு இவற்றில் ஏராளமானவை இந்தியாவில் வந்திறங்கின. அஸ்ஸாமின் லேடோவிலிருந்து சீனத்துக்கு வெட்டிய பாதையில் 1945-ல் சரக்கு ஏற்றிச் சென்றவையும் இவ்வினத்தவையே. யுத்தம் ஓய்ந்ததும் உபரியென்று விற்கப்பட்டன. பிலிப்பைன்ஸ் நாட்டார் இப்படிக் கிடைத்த ஜீப்புகளை நீட்டிக் கட்டி, வர்ணம் தீட்டி, ஜீப்னி என்ற பிரயாண வண்டியாகவே ஆக்கிக்கொண்டனர்.

மூன்று வண்டிகளும் கடும் உழைப்புக்கென்றே செய்யப்பட்டவை. எனினும் நம் நாட்டில் நிலைத்தது ஜீப்பு ஒன்றுதான். அது மற்றவற்றைவிட வலுவுடையது என்பதாலன்று. மகிந்திரா கம்பெனியார் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிப் பின்னர் தாமே உற்பத்தியும் செய்தமையால், அதன் உதிரிப்பாகம் சிற்றூர்க் கடைகளிலும் கிடைத்தது. ஜி.எம்.சி. லாரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பத்து டயர்கள் உருளும் அவ்வண்டிக்கு 40 அமெரிக்கக் காலன் பெட்ரோல் ஊற்றினால் நல்ல சாலையில் 300 மைல் ஓடும். அதாவது லிட்டருக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே மேல். பாகம் தீர்ந்தபின் ஒரு வண்டியைக் கொன்றுதான் இன்னொன்றைப் பிழைப்பிக்க வேண்டும்.

நம் நாட்டில் செய்த ராணுவ வண்டிகளுக்கும் இதே கணக்குதான். ஜெர்மனியின் மான் கம்பெனியாரிடம் உரிமம் பெற்று ஜபல்பூரில் 1959 முதல் செய்யப்பட்ட சக்திமான் லாரியும், நிஸான் மாதிரியில் அமைந்து 1999-ல் நிறுத்தப்பட்ட ஜோங்காவும் இப்போது உற்பத்தியில் இல்லை. ஆகவே ஏலத்துக்குப் போகுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, “எஞ்சின் ஓடுகிறதா?” என்பதன்று, “இதன் பிரேக் ரப்பரும் கிளச்சுத் தட்டும் எந்த ஊரில் கிடைக்கும்?” என்பதே. ஓடாத எஞ்சினை ஓடச் செய்யலாம். கிடைக்காத பாகத்தைக் கிடைக்கச் செய்தல் எவராலும் இயலாது. இரண்டு மூன்று மிராசுதார்கள் வண்டி வாங்குவதாயிருப்பின், ஆளுக்கொரு தினுசாக வாங்காமல் ஒரே மாதிரியை வாங்கி, ஓடாத வண்டியொன்றைப் பாகத்துக்கென்றே சேர்த்து வாங்குவது உத்தமம். கௌரவத்துக்காக வெவ்வேறு தினுசு வாங்குவோரின் தோட்டத்துக் கொட்டகைகளில் கோழிகளே குடியிருக்கக் காணலாம்.

ஒரே பெயருடைய வண்டிகளிலும் உள்ளே பேதமுண்டு. ஜி.எம்.சி. லாரியின் ஆக்ஸில்கள் இருவகை. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தாது. யுத்தகால ஜீப்பின் முன் ஆக்ஸிலுக்குள் இருக்கும் மூட்டும் பலவகைப்பட்டது. வண்டியில் பதித்த தகட்டைப் படித்து, ஆக்ஸிலின் உருவத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டே பாகம் வாங்கப் புறப்படவேண்டும்.

ராணுவ வண்டி எதையும் தாங்கும் என்றொரு நம்பிக்கை கிராமங்களில் இருக்கிறது. அது பாதி உண்மை. ராணுவத்தில் அவ்வண்டியை ஓட்டுமுன்னும், நிற்கும் இடங்களிலும், ஓட்டி முடித்த பின்னும் பார்வையிட ஆளுண்டு. இத்தனை மைலுக்கு இன்ன இடத்தில் கிரீஸ் அடிக்கவேண்டுமென்று சட்டமுண்டு. அமெரிக்க ராணுவத்தார் இதனைச் சிப்பாய்களுக்குப் புகட்ட ஆர்மி மோட்டார்ஸ் என்ற பத்திரிகையில் வேடிக்கைச் சித்திரங்களையே வரைவித்தனர். எழுத்தில் நாட்டமில்லாதவனும் படம் பார்ப்பான் என்று அறிந்திருந்தார்கள் போலும். அந்தப் பார்வையும் கிரீஸும் நின்றுபோனால், ராணுவ லாரியும் மற்ற லாரியைப்போல் பழுதாகும். ரிப்பேர்ச் செலவோ அதற்கு அதிகம்.

பெரும்பாலோர் வண்டியைக் கெடுத்துக்கொள்வது முன்சக்கர ஓட்டத்தைச் சேர்க்கும் நெம்புகோலினால். சேற்றில் இழுப்பதற்கென அமைந்த அந்த நெம்புகோலைத் தார்ச்சாலையிலும் போட்டபடியே ஓட்டுகிறார்கள். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருள்கின்றன. சேற்றிலோ மணலிலோ சக்கரம் சற்று வழுக்கி அந்த வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டியான சாலையில் வழுக்க இடமில்லாமையால், முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களின்மீது ஏறுகிறது. டயர் தேய்கிறது, கியர் விடுபட மறுக்கிறது, கடைசியில் பல் ஒடிகிறது. முன்னே புதுடயரும் பின்னே தேய்ந்த டயரும் பூட்டினாலும் இதே கேடு நேரும். வயலைவிட்டுச் சாலையேறியதும் நெம்புகோலைத் தள்ளிவிடவேண்டுமென்பதை, சம்பளம் பேசும்போதே டிரைவரிடம் சொல்லிவிடுதல் நலம்.

ஏரி வண்டல் ஏற்றும் வண்டிகளுக்கு வேறொரு நோயுண்டு. சூடேறிய ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பழைய சீல்களின் வழியே தண்ணீரை உறிஞ்சுகிறது. அடித்திருகைச் சிறிது தளர்த்திப் பார்த்தால் தண்ணீரோ, பால்போல் வெளுத்த எண்ணெயோ வரும். அதனை அன்றே வடித்துப் புது எண்ணெய் ஊற்றினால் செலவு எண்ணெயோடு போகும். தாமதித்தால் பேரிங்கும் பல்சக்கரமும் துருவேறும். முன்சக்கரத் திருப்பு மூட்டைச் சுற்றியுள்ள கம்பளிச் சீலை ஒரு பொருட்டாக எவரும் மதிப்பதில்லை. மண் உள்ளே போகாதபடி காப்பது அதுவே.

பழுதில் பொருள் நஷ்டம் ஒரு பக்கமிருக்க, உயிர் நஷ்டமும் உண்டு. யுத்தகால ஜீப்புகள் பலவற்றின் சக்கரம் இரண்டு தட்டுகளை நட்டுகளால் இறுக்கிச் சேர்த்தது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு, தட்டுகளைச் சேர்க்கும் நட்டுகள் வேறு. காற்று நிறைந்த டயரில் பின்னவற்றைக் கழற்றினால், தட்டு பீரங்கிக் குண்டுபோல் பாயும். ஆங்கிலேய ராணுவத்தார் இத்தகைய சக்கரங்களில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசியது இதனாலேயே. ஏலத்துக்கு வரும் வண்டிகளில் அவ்வர்ணம் உதிர்ந்தோ, வேறு வர்ணத்தில் மறைந்தோ இருக்கும். வாங்கியவர் திரும்பப் பூசிவிடவேண்டும். லாரிச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையமும் துருப்பிடித்திருந்தாலோ, சரியாக உட்காராதிருந்தாலோ, காற்றடிக்கையில் தெறித்து ஆளைக் கொல்லும். வால்வு ஊசியை எடுத்துக் காற்று முழுவதும் போனபின்னரே சக்கரத்தில் கைவைக்க வேண்டும். காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயினால், எட்ட நின்று அடிக்கவேண்டும். கூண்டில்லாத கடையில் இவ்வேலை கொடுப்பதில்லை என்று மிராசுதார்கள் உறுதிகொண்டால், கடைக்காரர் கூண்டு செய்துகொள்வார்.

பிரேக்கும் அப்படியே. பழைய ஜீப்பிலும் ஜி.எம்.சி.யிலும் நான்கு புறத்துப் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே வழியில்தான் செல்கிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் கால்பிரேக் முழுவதும் போய்விடும். துருவேறிய குழாய்களையும் ரப்பர்க் குழாய்களையும் வாங்கிய மாதத்திலேயே மாற்றிவிடுவது சிக்கனமே. பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெய் ஊற்றும் கெட்ட பழக்கம் அங்கங்கே உண்டு; அதில் ரப்பர் ஊதிப்போய்ப் பிரேக் பிடித்துக்கொள்ளும், அல்லது பிடிக்கவே பிடிக்காது.

மின்சார அமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்க யுத்தகால ஜீப்பும் ஜி.எம்.சி.யும் 6 வோல்ட்டில் இயங்குபவை. பாட்டரியை மாத்திரம் 12 வோல்ட்டாக மாற்றினால் விளக்கும் காயிலும் எரிந்துபோம்.

டிரெய்லரின் விஷயம் வேறு. டிராக்டர் வைத்திருக்கும் நிலச்சுவான்தார் உபரி லாரியை விடுத்து உபரி டிரெய்லரை வாங்குவதே சிறந்தது. அதற்கு எஞ்சின் இல்லை, கியர் இல்லை. பேரிங், பட்டைவில், டயர், கொக்கி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ராணுவ டிரெய்லரின் முனையில் இருப்பது தடித்த இரும்பு வளையம். வாய் மூடிப் பூட்டும் கொக்கிக்கென்று அமைந்தது. அதனை டிராக்டரின் நேர்முளையில் மாட்டினால், வரப்பேறும்போதும் வாய்க்கால் இறங்கும்போதும் முளை வளைந்து ஒடியும். உரிய கொக்கியைப் பொருத்தி, இருபுறமும் சங்கிலி கட்டவேண்டும். பாரம் சற்று முன்புறம் மிகுந்திருக்கட்டும். பின்புறம் மிகுந்தால் ஓட்டத்தில் வால் ஆடும். சிறு டிரெய்லர்கள் சிலவற்றுக்குக் கைப்பிரேக் மட்டுமே உண்டு. அது நிற்பதற்கே உதவும், ஓடும்போது உதவாது. ஏரிக்கரை இறக்கத்தில் பாரம் டிராக்டரைத் தள்ளும் என்பதை நினைந்து, ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும்.

கிராம அலுவலர்களும் ஊராட்சியாரும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ராணுவ வண்டிக்கு ராணுவ எண் இருந்திருக்கும். அது பொதுச்சாலைக்குச் செல்லாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில்லாத வண்டி பொதுச்சாலையில் ஓடக்கூடாது. பழைய வண்டியைப் பதிவு செய்வார்களா, எந்த எந்தக் காகிதம் கேட்பார்கள் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஏலத்துக்கு முன்னரே விசாரிக்க வேண்டும். உள்ளது உள்ளபடியே விற்கப்பட்ட வண்டியைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. குடிதண்ணீர் வண்டிக்கென ஊராட்சிப் பணத்தில் ஏலம் கேட்கச் செல்வோர், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது அழைத்துச் செல்லட்டும்.

யுத்தகாலத்து ஜீப்பு டிரெய்லர் எவரிடமேனும் இருப்பின் மழைக்காலத்துக்கு முன் ஒரு காரியம் செய்யவேண்டும். ஆற்றில் மிதக்கும்படி அதன் தொட்டி தண்ணீர் புகாமல் செய்யப்பட்டது. புகாத தொட்டியில் விழுந்த மழைநீரும் வெளியேறாது. அடியில் உள்ள அடைப்பான்களைத் திறந்து, துவாரத்தில் வைக்கோலும் மண்ணும் அடையாதபடி துடைத்து, முன்புறத்தைச் சற்று உயர்த்திக் கொட்டகையில் நிறுத்தவேண்டும்.