வீட்டிலிருந்தே உத்தியோகம்

உடுப்பிட்டியில் வாழும் ஒரு தாய் இன்று தன் வீட்டு மேசையிலிருந்தே இலண்டன் காரியாலயம் ஒன்றுக்குப் பணி செய்யலாம். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் கால ஊரடங்கு இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பிற்று. ஆயினும், வீட்டிலிருந்தே பொருளீட்டுதல் எமது பெண்களுக்குப் புதிதன்று. பனையோலையில் கடகமும் பெட்டியும் பாயும் இழைத்து விற்றுக் குடும்பம் காத்த தாய்மாரை வடமராட்சி நன்கறியும். அவர்கள் ஓலையைக் கீழே வைத்துவிட்டு, அழும் குழந்தையைத் தூக்க முடிந்தது. கணினி வழியே கூட்டம் நடக்கையில் அது எளிதன்று.

நேர வேறுபாடும் இடர் தருகிறது. கோடைகாலத்தில் இலண்டனில் காலை 9 மணியாகும்போது இங்கே பிற்பகல் 1.30. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை பசியோடு வரும் வேளையும் அதுவே. அங்கே மாலை 5 மணியாகையில் இங்கே இரவு 9.30. "வீட்டிலேதானே இருக்கிறாள்" என்று சமையலையும் அவளிடமே விட்டுவிட்டால், அவள் உறங்குவது எப்போது?

வீட்டிலிருந்து தொழில் செய்வோரையும் ஏனைய தொழிலாளருக்குச் சமமாக நடத்தவேண்டுமென்று சர்வதேசத் தொழில் தாபனம் 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றிற்று. உலக அரங்கில் ஏற்கப்பட்ட இவ்வுண்மையை வீட்டாரும் ஏற்கவேண்டாமா?

இரவுச் சமையலைத் தந்தை பொறுப்பேற்கட்டும். தாயும் பிற்பகலில் அரைமணி இடைவேளையைக் காரியாலயத்தில் கேட்டுப் பெறுதல் நன்று. அந்த அரைமணியில் கணினியை மூடிவிட்டுப் பிள்ளையின் பள்ளிக் கதையைக் கேட்கவேண்டும் என்பது எமது கருத்து.

மாணவ மாணவியரே! நாளைப் பிற்பகல் சோற்றை நீங்களே போட்டு உண்டு, கோப்பையையும் கழுவி வையுங்கள். அன்னைக்கு அதுவே பேருதவி.