விழுந்தால் மட்டும் சொல்லட்டும்

என் அம்மாவுக்கு 78 வயது. மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை இரண்டு மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்தார். கேமரா வைக்கலாம் என்றேன். “புடவை மாத்துற இடத்துலயும் கண்ணு வைக்கப் போறியா?” என்று கேட்டார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

பொறியியல் கல்லூரியில் கம்பியில்லாத் தகவல்தொடர்பு பாடம் நடத்துகிறேன். கேமரா இல்லாமலும் வழி உண்டு என்பது எனக்குத் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. அது சுவரிலும் பீரோவிலும் நம் உடம்பிலும் பட்டுத் தெறித்து, பல வழிகளில் ரிசீவரைச் சேர்கிறது. அம்மா ஓரடி எடுத்து வைத்தாலே அந்தக் கலவை மாறிவிடும். நடந்தால் ஒரு விதம், உட்கார்ந்தால் வேறு விதம். விழுந்தால் சட்டென்று ஒரு துடிப்பு, பிறகு அசைவே இல்லை. இந்த வித்தியாசங்களைக் கணினிக்குப் பழக்குவதுதான் இயந்திரக் கற்றல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் டினா கட்டாபியும் ஃபதேல் அதிபும் சுவருக்கு அப்பால் நடப்பவரின் அசைவை வைஃபை அலையால் கண்டறிந்தது 2013இல். ஒரு வீட்டில் பழகிய கணினி இன்னொரு வீட்டில் தடுமாறும்; கட்டிலை இடம் மாற்றினாலும் குழம்பும். ஆனாலும் இது வேண்டும் என்பதே என் கட்சி.

எனக்குள்ள பயம் வேறு. கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடலாம். அலையை எதைப் போட்டு மூடுவது? இரவில் எத்தனை முறை எழுந்தார், எவ்வளவு நேரம் படுத்திருந்தார் என்பதெல்லாம் அதில் பதியும். பக்கத்து வீட்டுக்காரரின் நடமாட்டம்கூடச் சுவர் தாண்டிச் சிக்கலாம். தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்தது. ஆனால், ஒருவர் சொந்த வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது. அம்மாவைக் கண்காணிக்க நினைக்கும் மகளை அந்தச் சட்டம் தடுக்காது.

ஆகவே இந்தக் கருவிகளை விற்க அனுமதிக்கும் அரசு மூன்று நிபந்தனைகள் விதிக்க வேண்டும். கணக்கீடு வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டும். ‘விழுந்துவிட்டார்’ என்ற ஒரு செய்தி மட்டுமே வெளியே போக வேண்டும். அணைக்கும் சுவிட்ச், மகளின் செல்பேசியில் அல்ல, அம்மாவின் கைக்கு எட்டும் சுவரில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “விழுந்தா மட்டும் சொல்லட்டும். ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன்னு உனக்கு எதுக்கு?”