கடித்த நாய்க்குப் பொறுப்பு யார்? முகையூரிலிருந்து ஒரு நிலைப்பாடு

முகையூர் வட்டாரத்தில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள், விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்தி அனுப்பும் பெற்றோர், நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. வீட்டு நாய்க் கடி பற்றி நாங்கள் பேசி எடுத்த முடிவை இந்த அறிக்கையில் வெளியிடுகிறோம். தெருநாயைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் மட்டும் உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி ஓர் உத்தரவும், அதைத் திருத்தி 22ஆம் தேதி இன்னோர் உத்தரவும் போட்டது. அந்த வழக்காடலுக்குள் நாங்கள் போகவில்லை. உடையவர் இருக்கிற நாய், அவர் கையால் சோறு தின்கிற நாய், யாரையாவது கடித்துவிட்டால் அடுத்து என்ன என்பதுதான் எங்கள் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு நாய் ஆபத்தானதா என்று முடிவு செய்ய அதன் இனத்தைப் பார்க்க வேண்டாம், அது செய்ததைப் பாருங்கள். அப்படி முடிவான பிறகு, அந்த நாய் சாகும் நாள்வரை முழுப் பொறுப்பும் வளர்ப்பவருடையது. வேலி போடுவதும் செலவு செய்வதும் அவர் வேலை. வழியில் போகிறவர் கையில் கல்லோடும் நெஞ்சில் பயத்தோடும் நடக்க வேண்டியதில்லை.

இனத்தை வைத்துத் தடை போடும் வழியை அரசு முயன்று பார்த்தது. 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், மாஸ்டிஃப், கேன் கோர்சோ என்று 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ விடாதீர்கள், ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்றது அந்தக் கடிதம். அது ஒரு மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10 அன்று ரத்து செய்தது. அடுத்த மாதமே, மே 5 ஞாயிற்றுக்கிழமை, சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை இரண்டு ராட்வைலர்கள் குதறின. வளர்த்தவர் கைதானார். உரிமம் இருந்ததா, சங்கிலி எங்கே, வாய்மூடி எங்கே என்ற கேள்விகள் எல்லாம் குழந்தை மருத்துவமனைக்குப் போன பிறகுதான் எழுந்தன. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் இனிப் புது உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது.

சென்னையின் முடிவோடு எங்களுக்குச் சண்டை இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், ஒரே படிக்கட்டில் நாற்பது குடும்பமும் இருக்கிற ஊரில் அவர்கள் கணக்கு வேறு. ஆனால் அந்தப் பட்டியல் முகையூருக்கு வந்தால் இங்கே அதற்கு வேலையே இல்லை. எங்கள் ஊர்களில் கடிப்பது பெரும்பாலும் பெயரில்லாத நாட்டு நாய். ஆட்டுப் பட்டிக்கும் மோட்டார் கொட்டகைக்கும் காவல் இருப்பது. எங்கோ ஒரு வீட்டில் கோம்பையோ ராஜபாளையமோ இருக்கலாம். இனத்தின் மேல் பழி போட ஆரம்பித்தால் நாளைக்கு அந்தப் பட்டியலில் கோம்பையும் ஏறும். 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்த ராஜபாளையமும் ஏறும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டியலில் இல்லாத நாயை வைத்திருப்பவர், தன் நாய் சாது என்று அரசே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

சட்டம் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கத் தேவையானதைச் செய்யாமல் விடுபவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் இந்த அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. இதில் இரண்டு குறைகளைப் பார்க்கிறோம். ஆட்டைக் கடித்துக் கொன்றால் இந்தப் பிரிவு பேசாது, மனிதர் பக்கம் மட்டுமே பேசும். அடுத்தது, நடைமுறையில் எல்லாம் நடந்து முடிந்த பிறகே காவல் நிலையத்துக்கு வேலை வருகிறது. முதல் கடிக்கும் இரண்டாவது கடிக்கும் நடுவில் என்ன செய்வது என்று ஊரில் சொல்ல ஆளில்லை. 'இந்த நாய் ஆபத்தானது, இனி இதை இப்படித்தான் வைத்திருக்க வேண்டும்' என்று வளர்ப்பவருக்கு எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகம் வேண்டும்.

நியூசிலாந்தில் அந்த வேலையை உள்ளாட்சி மன்றம் செய்கிறது. 1996ஆம் ஆண்டின் நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சாட்சியத்தின் பேரிலோ வளர்ப்பவரே ஒப்புக்கொள்வதன் பேரிலோ ஒரு நாயை ஆபத்தானது என்று மன்றம் அறிவிக்கும். வளர்ப்பவர் ஆட்சேபிக்கலாம், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அறிவிப்பு நின்றுவிட்டால் நாய்க்குக் கருத்தடை செய்ய வேண்டும், பொது இடத்தில் வாய்மூடி போட வேண்டும், பதிவுக் கட்டணத்தை ஒன்றரை மடங்காகக் கட்ட வேண்டும், மன்றத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் நாயை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேலி பற்றிய விதி. நாய் இருக்கும் அடைப்புக்குள் கால் வைக்காமலேயே வெளியாள் வீட்டின் ஒரு கதவையாவது வந்து தட்ட முடிய வேண்டும். அவ்வளவுதான் அந்த விதி.

எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பால்காரர், தபால்காரர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கெடுக்க வருபவர், சிலிண்டர் கொண்டுவருபவர், சத்து மாத்திரை கொடுக்க வரும் கிராம சுகாதார செவிலியர், பத்திரிகை வைக்க வரும் சொந்தக்காரர். இவர்களில் யாரும் அந்த நாயை வளர்க்கச் சொல்லவில்லை. 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அந்தப் பலகை உங்களைக் காப்பாற்றாது. நாய் கடிக்கும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாகத்தான் நாங்கள் அதைப் பார்ப்போம். "ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்தபடி கூப்பிடுவதும் அப்படித்தான்.

ஆகவே முகையூர் ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். காரணமில்லாமல் ஒருவரைக் கடித்து ரத்தம் வரவைத்த நாய், பைக்கைத் துரத்தி ஆளை விழவைத்த நாய், அடுத்தவர் ஆட்டையோ கன்றையோ கொன்ற நாய் இவை அதில் ஏற வேண்டும். கால்நடை உதவி மருத்துவர் நாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வளர்ப்பவர் தன் பக்கத்தைச் சொல்ல இடம் இருக்க வேண்டும். சுவர் ஏறிக் குதித்தவனைக் கடித்ததும், குட்டி போட்ட நாயைச் சீண்டிய சிறுவனைக் கடித்ததும், பாதையில் போன பாட்டியைக் கடித்ததும் ஒன்றாகாது. பதிவான நாயின் கழுத்தில் தூரத்திலிருந்தே தெரிகிற ஒரே நிறப் பட்டை இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிவப்பும் மஞ்சளும் சாய்ந்த கோடுகளாக ஓடும் பட்டை கட்டுகிறார்கள். இங்கே நிறத்தை ஊராட்சியே முடிவு செய்யட்டும்.

கட்டி வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடிநாய் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான். பகல் முழுக்க இரண்டு முழச் சங்கிலியில் வெயிலில் கிடக்கிற நாயை ராத்திரி அவிழ்த்துவிடுகிறோம். விடியற்காலையில் பால்காரர் வருவதற்குள் பிடித்துக் கட்ட மறந்துவிடுகிறோம். நாள் முழுதும் ஓடவும் முகரவும் வழியில்லாத நாய், கிடைத்த அரை மணி நேரத்தில் எதைக் கண்டாலும் பாயும். இதைக் காவல் என்கிறோம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், நியாயமில்லாத அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிப்போடுவதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவைக்காமல் விடுவதையும் குற்றமாகச் சொல்கிறது. முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. இரண்டு டீக்கும் இரண்டு வடைக்கும் ஆகிற காசு. எனவே சட்டத்தின் பயத்தை நம்பாமல் சொல்கிறோம்: ஆபத்தானது என்று முடிவான நாய்க்குச் சங்கிலியைவிட அடைப்புதான் தேவை. ஆள் உயரக் கம்பிவலை, உள்ளே நிழல், தண்ணீர், உள்பக்கமாகத் திறக்கும் கதவு, தாழ்ப்பாள். வெளியே கூட்டிப் போகும்போது, இழுத்துப் பிடிக்கும் பலமுள்ள பெரியவர் கையில் மட்டும். வாய்மூடி கூடைபோல் இருக்கட்டும். துணிப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் நாய் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது, நம் ஊர் வெயிலில் அது செத்துப்போகும்.

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும். மருந்தகத்தில் கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இதில் பேச வேறெதுவும் இல்லை.

கடித்த பிறகு நடப்பதைப் பற்றி நிறையப் பேச வேண்டும். நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்குப்படி 2024இல் இந்தியா முழுவதும் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது; வராமல் தடுப்பதோ கைக்கெட்டியது. வளர்ப்பவரின் முதல் வேலை, கடிபட்டவரைத் தன் வீட்டுக் குழாயடிக்கே கூட்டிப்போய் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வைப்பது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். அடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தன் வண்டியிலேயே கூட்டிப்போவது. ஊசி அங்கே இலவசம், ஆனால் வேலையை விட்டுவிட்டு நாலைந்து முறை போய்வரும் கூலி இலவசமில்லை. அந்தக் கூலியை நாய்க்காரர் தர வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும்; முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைவரை போக நேர்ந்தால் அந்தச் செலவும் அவருடையது. இரத்தம் வராத கீறலுக்கும் ஊசி உண்டு. "லேசாத்தான் பட்டுச்சு" என்று யாரும் மருத்துவம் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது வேலையைத்தான் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும். பத்து நாளும் அது நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று தெரிந்துவிடும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி முதல் நாளே தொடங்க வேண்டும். பயத்திலோ கோபத்திலோ நாயை அடித்துக் கொன்றுவிட்டால், மருத்துவருக்கு உதவக்கூடிய அந்தத் தடயம் போய்விடும்.

கொல்வதைவிட அதிகம் நடப்பது சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவது. எங்களுக்கு ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. தென்பெண்ணையைத் தாண்டினால் திருக்கோவிலூர். 2019 நவம்பரிலிருந்து அது கள்ளக்குறிச்சி மாவட்டம். இங்கே கடித்த நாயை அங்கே இறக்கிவிட்டால் ஊரும் மாறியது, மாவட்டமும் மாறியது, கேட்பாரில்லை என்று நினைப்பு. அங்கிருந்து இங்கே வந்து இறங்குவதும் உண்டு என்பதைச் சொல்லாமல் இருந்தால் நேர்மையாகாது. கடித்துப் பழகிய, பசியில் இருக்கிற, இடம் தெரியாத நாய் ஒன்று புது ஊரில் திரிவதைவிடப் பெரிய ஆபத்து இந்த விஷயத்தில் கிடையாது. வளர்த்த விலங்கை நியாயமான காரணமின்றிக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. பதிவேட்டில் ஏறிய நாய் இடம் மாறினால், புதிதாக வாங்குபவருக்கு அதன் கடித்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடு செத்தால் என்ன? தெருநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு இழப்பீடு கேட்டு காங்கேயம் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து போராடினார்கள். அரசும் இழப்பீடு அறிவித்தது. உடையவர் தெரிந்த நாய் கொன்றால் அரசைப் பார்த்துக் கை நீட்ட வேண்டியதில்லை. அன்றைய சந்தை விலையை நாய்க்காரர் கொடுக்க வேண்டும். சினை ஆடாக இருந்தால் அதற்கேற்ப.

எங்கள் உறுப்பினர்களிலேயே சிலர் கேட்ட கேள்வியை மறைக்க விரும்பவில்லை. மோட்டார் ஒயரைத் திருடுகிறான், ஆட்டைத் தூக்குகிறான், கடிக்காத நாயை வைத்து நான் என்ன செய்வது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். கொல்லையில் தனியாக இருக்கும் கொட்டகைக்கு நாய் வேண்டும். ஆனால் காவலுக்கு வேண்டியது குரைப்பு. திருடன் ஓடுவதும், உங்கள் தூக்கம் கலைவதும் குரைப்பால்தான். ராத்திரி அடைப்புக்குள்ளிருந்து குரைக்கிற நாய் அந்த வேலையைச் செய்துவிடும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆடு இழந்தவர்கள் சிலர், கறியில் மருந்து வைத்தால் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும் என்கிறார்கள். இதற்கு எங்கள் பதில் கூடாது என்பதே. விலங்கை விஷம் வைத்துக் கொல்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டுவரை சிறை உண்டு. கடிக்கவிட்டவருக்கு ஆறு மாதம், விஷம் வைத்தவருக்கு ஐந்தாண்டா என்று கேட்டால், அந்த இடைவெளி எங்களுக்கும் உறுத்துகிறது. 291ஆம் பிரிவின் தண்டனையை, குறைந்தபட்சம் இரண்டாவது கடிக்காவது, உயர்த்த வேண்டும் என்று கேட்கிறோம். மருந்து வைத்த கறியைத் தின்பது எந்த நாய் என்று மருந்துக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அதே நிலத்தில் திரியும் மயிலும் பூனையும் சாகின்றன.

ஒரு விஷயத்தில் நாங்கள் ஒருமனதாக இல்லை. இத்தனையும் செய்த பிறகும் குழந்தைகளையே குறிவைத்துப் பாய்கிற நாயை என்ன செய்வது? கால்நடை மருத்துவர் கையால் கருணைக்கொலை செய்யச் சட்டம் இடம் தர வேண்டும் என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க அடைப்பில் வைக்கலாம், உயிரை எடுக்க வேண்டாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு கருத்தும் எங்கள் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

வருகிற கிராம சபையில், அது எந்தத் தேதியில் வந்தாலும், பதிவேட்டுக் கோரிக்கையைத் தீர்மானமாக வைக்கிறோம். ஊராட்சி ஏற்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. எங்கள் உறுப்பினர் வீடுகளில் இதுவரை ஆளைக் கடித்திருக்கிற நாய்களின் பட்டியலை நாங்களே எழுதி, தடுப்பூசிச் சீட்டின் நகலோடு ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கிறோம்.