குட்டியின் படுக்கை நனைந்தால் குற்றம் யாருடையது?

மரத்தில் வாழும் சின்ன விலங்கான சுகர் கிளைடரின் குட்டியை விற்பவர்கள் பலரும் ஒரு வாக்குறுதி தருகிறார்கள்: சின்ன வயதிலேயே பழக்கினால் பூனையைப் போல மணல் தட்டில்தான் போகும், படுக்கைப் பையை அசுத்தம் செய்யாது. இதை நம்பி வாங்கியவர்கள், துணிப்பை நாறத் தொடங்கியதும் குட்டியைத் திட்டுகிறார்கள். சிலர் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுகிறார்கள். தவறு குட்டியிடம் இல்லை, அந்த வாக்குறுதியில் இருக்கிறது.

பூனை கழிவைப் புதைக்கும் விலங்கு. மணலைக் கண்டால் தோண்டுவது அதன் பிறவிக் குணம். தட்டுப் பழக்கம் அந்தக் குணத்தை நம்பித்தான் நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் மரத்திலேயே வாழ்ந்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை சறுக்கிப் போகும் சுகர் கிளைடருக்கு அந்தத் தேவையே கிடையாது. கிளையில் இருந்தபடி கழித்தால் தானாகத் தரையில் விழுந்துவிடும். "எங்கள் வீட்டில் ஒரே மூலையில்தான் போகிறதே" என்று கேட்பார்கள். போகலாம். மாலையில் விழித்து, பையை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் கழிப்பது வளர்ந்த கிளைடரின் வழக்கம். அதனால் பைக்குப் பக்கத்துக் கிளைக்கு நேர் கீழே கழிவு சேர்கிறது. அங்கே தட்டு வைத்தவர் செய்தது நல்ல காரியம். அதைப் பயிற்சியின் வெற்றி என்று சொல்வதுதான் பிழை.

குட்டியால் அந்த அளவுக்குக்கூட முடியாது. 16 நாள் கர்ப்பத்தில் பிறந்து, தாயின் வயிற்றுப்பையில் ஏறக்குறைய 70 நாள் இருந்து வெளியே வரும்போதும் அதற்குக் கண் திறந்திருக்காது. தாய் நக்கித்தான் அதைக் கழிக்க வைக்கிறது, சுத்தமும் செய்கிறது. அந்தத் தாயிடமிருந்து அவசரமாகப் பிரித்து விற்ற குட்டியின் படுக்கை நனைந்தால், பழி பிரித்தவர்களைத்தான் சேரும்.

அப்படியானால் தினமும் எல்லாவற்றையும் துவைத்துவிடலாமே என்பது அடுத்த வாதம். கூட்டத்தில் ஒன்றையொன்று வாசனையால்தான் இவை அறிந்துகொள்கின்றன. வளர்ந்த ஆணின் நெற்றியில் முடி உதிர்ந்து தெரியும் வழுக்கை, வாசனைச் சுரப்பியின் இடம். கூண்டு, கிளை, பை எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவினால் அவற்றுக்குச் சொந்த வீடே அந்நியமாகும். மறுபடியும் அடையாளமிட முனையும், நாற்றம் கூடும். இரண்டு பைகளை மாற்றி மாற்றித் துவைப்பதே சரி, அதுவும் வாசனையில்லாத சோப்புத்தூளில். நாற்றத்தை உறிஞ்சும் என்று தேவதாரு, பைன் மரத்தூளைப் போடுவது இன்னும் மோசம். அதன் எண்ணெய் மூச்சுக்குழாய்க்கு எரிச்சல் தரும். நூல் பிரியாத ஃப்ளீஸ் துணி போதும். தையல் பிரிந்து நூல் தொங்கினால் அதில் நகம் மாட்டி விரலே போய்விடும் என்பதால், துவைக்கும்போதெல்லாம் பையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

திருப்பும்போது கழிவையும் கவனியுங்கள். சிறிய, கெட்டியான உருண்டைகளாக இருந்தால் கவலை வேண்டாம். பழமும் தேனும் அளவு மீறினால் இளகும். குடல் ஒட்டுண்ணி இருந்தாலும் இளகும். முழு வளர்ச்சியிலேயே 100 முதல் 160 கிராம்தான் எடை என்பதால், வயிற்றுப்போக்கில் குட்டியின் உடல்நீர் சீக்கிரம் வற்றிவிடும். பை ஈரமாகவும் குட்டி சோர்ந்தும் இருந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்காதீர்கள்; அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.