கணக்கரின் நிலுவை
பத்திரிகைக்காரர்களின் சம்பள விவகாரம் எப்பொழுது எழுந்தாலும், பேச்சு ஆசிரியர், நிருபர் என்றே சுழல்கிறதேயன்றி, மாதம் முடியுந் தருவாயில் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஏஜெண்டு கட்டாத பாக்கியையும் விளம்பரதாரர் தரவேண்டிய தொகையையும் பைசா பிசகாமல் சரிபார்க்கும் கணக்கரை நினைப்பார் எவருமில்லை. 1955-ஆம் வருஷத்துச் சட்டம் உழைக்கும் பத்திரிகையாளருக்கே ஊதியக் குழுவை வகுத்தது. ஏனைய சிப்பந்திகளுக்கும் அதனைச் சட்டபூர்வமாக்க 1974-ஆம் வருஷத்துத் திருத்தம் வரவேண்டியிருந்தது. பின்னாளில் மஜீதியா ஊதியக் குழு, மூன்று வருஷத்து மொத்த வருமானத்தின் சராசரியைக் கொண்டு பத்திரிகை ஸ்தாபனங்களை வகுப்புகளாகப் பிரித்து, ஊதியத்தை அதனோடு பிணைத்தபோது, அவ்வருமானத்தைக் கூட்டிப் பார்ப்பவரும், அதனால் தமக்குச் சேரவேண்டியது இன்னதென்று முதலில் அறிபவரும் கணக்கரே என்னும் விசித்திரம் நேர்ந்தது. 2014 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அச்சிபாரிசுகளை ஊர்ஜிதம் செய்து, நிலுவையை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் தருமாறு விதித்த பின்னரும், ஊழியர் பலர் அவமதிப்பு மனுவோடு அக்கோர்ட்டின் படியை மீண்டும் ஏற வேண்டியதாயிற்று. ஊரார் பாக்கியையெல்லாம் குறித்துவிட்டு, அதனைக் குறிப்பவருடைய பாக்கியை மட்டும் விட்டுவிடும் பேரேடு, எத்தனை தணிக்கையில் தேறினாலும், நியாயமான கணக்கு ஆகாது.